ஒரே மைதானத்தில் யார் விருந்தாளி?

வாசகர் கேள்வி – பதில்: கால்பந்து

கேள்வி: 2003 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஏசி மிலானும் இன்டர் மிலானும் மோதின. இரண்டு ஆட்டமும் டிரா, மொத்தக் கணக்கு 1-1, ஆடியதும் ஒரே மைதானம். ‘அவே கோல்’ என்று சொல்லி ஏசி மிலானை இறுதிப் போட்டிக்கு அனுப்பியது எந்த ஊர் நியாயம்?
– வாசகர், திருச்சி

பதில்: விதிப்புத்தகத்தின் நியாயம். இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கோல் சமமானால், எதிரணியின் மைதானத்தில் விருந்தாளியாக (‘அவே’) அதிகக் கோல் அடித்த அணி முன்னேறும் என்பது அப்போதைய விதி. மே 7 அன்று நடந்த முதல் லெக்கில் (இரண்டு ஆட்டத்தில் முதலாவதில்) ஏசி மிலான்தான் ஹோம் அணி, அதாவது சொந்த மைதானக்காரர். அது 0-0. ஆறு நாள் கழித்து அதே சான் சிரோ மைதானத்தில், அதே புல்லில், இன்டர் ஹோம் அணி ஆனது. இடைவேளைக்குச் சற்று முன் ஏசி மிலானின் ஷெவ்சென்கோ அடித்தார். 84-வது நிமிடத்தில் இன்டரின் ஒபாஃபெமி மார்ட்டின்ஸ் சமன் செய்தார். முதல் கோல் ‘அவே’, இரண்டாவது ‘ஹோம்’. அவ்வளவுதான் வித்தியாசம். கடைசி நிமிடங்களில் இன்டரின் காலோன் அடித்த பந்தை ஏசி மிலான் கோல்கீப்பர் அபியாத்தி காலால் தடுத்திராவிட்டால் இன்டர் 2-1 என்று வென்றிருக்கும், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

விதியை இரு அணிகளும் முன்பே அறிந்துதான் இறங்கின. அதனால் ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் விதி எதற்காக வந்ததோ அந்தக் காரணத்தில் பெரும்பகுதி சான் சிரோவில் இல்லை. அங்கே 90 நிமிடம் முடிந்ததும் நேராகக் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: அப்படி எதற்காகத்தான் வந்தது இந்த விதி?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா இதை முதலில் கொண்டுவந்தது 1965-66 கப் வின்னர்ஸ் கோப்பையில். ஹங்கேரியின் ஹோன்வேட், பிராக் நகரில் டுக்லாவை 3-2 என்று வென்றது. புடாபெஸ்டில் டுக்லா 2-1 என்று வென்றது. மொத்தம் 4-4. வெளியூரில் மூன்று கோல் அடித்த ஹோன்வேட் முன்னேறியது.

அதற்கு முன் சமநிலை வந்தால் பொது ஊரில் மூன்றாவது ஆட்டம். அதிலும் முடிவு வராவிட்டால் காசு சுண்டுவார்கள். 1965-ல் லிவர்பூலும் கோல்ன் அணியும் 0-0, 0-0 என்று ஆடிவிட்டு ராட்டர்டாமில் 2-2 டிரா செய்தன. கடைசியில் சுண்டிய வில்லைதான் லிவர்பூலை அரையிறுதிக்கு அனுப்பியது. அதுவும் முதல் தடவை சேற்றில் செங்குத்தாகச் செருகி நின்றுவிட்டதால் இன்னொரு முறை சுண்ட வேண்டியதாயிற்று! இந்தக் கூத்தோடு ஒப்பிட்டால் அவே கோல் விதி ஒரு முன்னேற்றம்தான்.

அந்தக் காலத்தில் வெளியூர் ஆட்டம் என்றால் நீண்ட பயணம், பழகாத புல்தரை, எதிரணிக்காகவே கத்தும் கூட்டம். போன அணி பத்துப் பேரைப் பின்னால் நிறுத்தி கோல் வாங்காமல் திரும்பப் பார்க்கும். ‘அங்கேயும் தாக்கி ஆடு, கோலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு’ என்று ஆசை காட்டத்தான் இந்த விதி.

கேள்வி: சான் சிரோவில் ‘ஹோம்’ என்பது வெறும் பெயர்தானே?
– வாசகர், மதுரை

பதில்: முழுக்க அப்படியில்லை. மைதானம் 1926-ல் ஏசி மிலானுக்காகத் திறக்கப்பட்டது. 1935-ல் நகராட்சி கைக்குப் போனது, 1947-ல் இன்டரும் வந்து சேர்ந்தது. ஆக 2003-ல் ஆடியவர்கள் இருவருமே பல பத்தாண்டு வாடகைதாரர்கள். பயணம் கிடையாது. தரை இருவருக்கும் பழக்கம். உடைமாற்றும் அறைகூட இரண்டு அணிக்கும் தனித்தனியாக உண்டு.

மாறுவது டிக்கெட். ஹோம் அணிதான் விற்கிறது, வசூலும் அதற்கே. சீசன் டிக்கெட் வைத்திருக்கும் அதன் ரசிகர்களுக்கு முன்னுரிமை. எதிரணி ரசிகர்களுக்கு ஒரு பங்கு மட்டும் ஒதுக்கப்படும். எனவே கூட்டத்தின் நிறம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். கூட்டம் சாதாரண விஷயமில்லை. 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் ஜெர்மனியின் புண்டஸ்லிகா காலி அரங்கில் மறுபடி தொடங்கியபோது ஹோம் வெற்றிகள் குறைந்ததைப் பார்த்தோம்.

பொறுப்பும் மாறும். 2005 காலிறுதியில் இதே இரு அணிகள் மோதின. முதல் லெக்கை ஏசி மிலான் 2-0 என்று வென்றது. இரண்டாம் லெக்கில் இன்டர் ஹோம். 0-1 என்று பின்தங்கியிருந்தபோது கம்பியாஸோவின் கோலை நடுவர் மெர்க் ரத்து செய்தார். இன்டர் ரசிகர்கள் தீப்பந்தங்களை எறிய, ஒன்று ஏசி மிலான் கோல்கீப்பர் டிடாவின் தோளில் விழுந்தது. ஆட்டம் கைவிடப்பட்டு, 3-0 என்று ஏசி மிலானுக்கு வழங்கப்பட்டது. அபராதத்தோடு, அடுத்த சீசனில் நான்கு ஐரோப்பிய ஹோம் ஆட்டங்களைப் பார்வையாளர் இல்லாமல் ஆடும் தண்டனையும் இன்டருக்குக் கிடைத்தது.

ஆக பயணம், தரை, கூட்டம் என்ற மூன்று காரணங்களில் ஒன்றுதான் அங்கே மிச்சம். அந்த ஒன்றை வைத்து ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புவது அதிகம்.

கேள்வி: முதல் லெக் 0-0 என்றால் அது யாருக்கு நல்லது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பழைய விதிப்படி, முதலில் ஹோமாக ஆடியவருக்குத்தான். காரணம், அவர் அவே கோல் வாங்கவில்லை. இரண்டாம் லெக் 0-0 ஆனால் கூடுதல் நேரம். 1-1, 2-2 என்று எந்தக் கோல் டிரா வந்தாலும் அவரே முன்னேறுவார். இரண்டாம் லெக்கின் ஹோம் அணி ஜெயித்தே ஆக வேண்டும்.

முதல் லெக் 1-1 என்றால் கதை தலைகீழ். இரண்டாம் லெக் 0-0 ஆனால் அந்த லெக்கின் ஹோம் அணி முன்னேறும். 1-1 ஆனால் கூடுதல் நேரம். 2-2 அல்லது அதற்கு மேல் என்றால் விருந்தாளி அணி.

கவனித்தீர்களா? 0-0 போதும் என்று முதல் லெக்கின் ஹோம் அணி கதவைச் சாத்திக்கொள்ளலாம். தாக்கி ஆடு என்று சொல்ல வந்த விதி, சொந்த வீட்டில் பயந்து ஆடக் கற்றுக்கொடுத்தது.

கேள்வி: அவே கோலுக்கு இரண்டு மடங்கு மதிப்பு என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: தவறு. மொத்தக் கணக்கு சமமாக இருந்தால் மட்டுமே அவே கோலை எண்ணுவார்கள். முதல் லெக்கில் ‘அ’ அணி சொந்த மைதானத்தில் 3-0 வெற்றி, அடுத்ததில் ‘ஆ’ அணி 5-1 வெற்றி என்று வையுங்கள். மொத்தம் 5-4, ‘ஆ’ முன்னேறும். இரண்டு மடங்காக்கினால் 5-5 என்று தப்பாக வரும்.

கேள்வி: இரண்டு ஆட்டமும் பொது ஊரில் நடந்தாலும் இந்த விதி இருந்ததா?
– வாசகி, சென்னை

பதில்: இருந்தது. சான் சிரோவைவிட வேடிக்கை அதுதான். பயணத் தடைகளால் 2021 யூரோப்பா லீகில் பென்ஃபிகா – ஆர்சனல் முதல் லெக் ரோமில் நடந்தது, பென்ஃபிகா ‘ஹோம்’, முடிவு 1-1. இரண்டாவது கிரீஸின் பிரேயஸில், ஆர்சனல் ‘ஹோம்’. அங்கே ஆர்சனல் 2-2 என்று சமன் செய்தும் பயனில்லை. மொத்தம் 3-3 என்றாலும் பென்ஃபிகாவுக்கு இரண்டு அவே கோல், ஆர்சனலுக்கு ஒன்று. 87-வது நிமிடத்தில் ஆபமேயாங் மூன்றாவதை அடித்ததால் தப்பித்தார்கள். லிஸ்பனும் இல்லை, லண்டனும் இல்லை, அரங்கில் கூட்டமும் இல்லை. பிறகு எதை ஈடுகட்ட அந்த அவே கோல்?

கேள்வி: இப்போது நிலைமை என்ன?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2021 ஜூன் 24 அன்று யூஃபா இந்த விதியை நீக்குவதாக அறிவித்தது. 2021-22 சீசன் முதல் அது கிடையாது. 1970-களின் நடுவிலிருந்து ஹோம் வெற்றி 61 சதவீதத்திலிருந்து 47 ஆகக் குறைந்திருக்கிறது, அவே வெற்றி 19-லிருந்து 30 ஆக உயர்ந்திருக்கிறது என்று கணக்கும் காட்டியது. இப்போது மொத்தம் சமமானால் 30 நிமிடம் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி.

2023 அரையிறுதியில் மறுபடியும் இந்த இரு மிலான் அணிகள்தான். இன்டர் 2-0, 1-0 என்று இரண்டையும் வென்றதால் எந்த விதிக்கும் வேலை வரவில்லை. ஒரு குறை மட்டும் இன்னும் இருக்கிறது: கூடுதல் நேரம் எப்போதும் இரண்டாம் லெக்கின் ஹோம் அணியுடைய கூட்டத்துக்கு முன்னால்தான் நடக்கும். முன்பு அந்த 30 நிமிடத்திலும் விருந்தாளி அடிக்கும் கோலுக்கு அவே மதிப்பு இருந்ததால் ஒருவகையில் ஈடு ஆனது. 2021 மார்ச்சில் விருந்தாளியாக ஆடிய போர்ட்டோ, யுவென்டஸை 115-வது நிமிட ஃப்ரீகிக்கால் வெளியேற்றியது அப்படித்தான். இப்போது அந்த ஈடும் இல்லை. சான் சிரோ போன்ற பொது மைதானத்தில் இரண்டாம் லெக்குக்கு மட்டுமாவது டிக்கெட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் இந்தக் குறையும் தீரும். ஆனால் வசூலில் பாதியை விட்டுக்கொடுக்க எந்தக் கிளப் சம்மதிக்கும்?