புரோகிராமிங் பிடிக்காத மகனுக்குக் கணினித் துறையில் இடம் உண்டா?

அன்புள்ள அம்மா,

மகன் பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டு. புரோகிராம் எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறான்; கணினி மந்தமானால் மட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எதையாவது நோண்டிக்கொண்டிருக்கிறான் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த நோண்டல்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

திரைக்குப் பின்னால் ஓயாமல் ஓடும் சேவைகளை நிற்காமல் பார்த்துக்கொள்வதற்கென்றே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற வேலை இருக்கிறது. இணையதளம், தரவுத்தளம் எல்லாம் அப்படி ஓடுபவைதான். இச்சேவைகளை ஓட்டும் கணினிகளான சர்வர்களில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆட்சி என்பதால் அவன் அதைப் பழக வேண்டும். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இந்தச் சேவைகளை நிர்வகிப்பது சிஸ்டம்டி என்ற மென்பொருள். உபுண்டு, டெபியன் ஆகிய வகைகள் 2015-இல் இதற்கு மாறின.

பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு சர்வரை நிறுவி, இணையதளங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளை ஓடவிடட்டும். பிறகு அதன் அமைப்புக் கோப்பில் வேண்டுமென்றே ஓர் அரைப்புள்ளியை அழித்துவிட்டு, சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்கட்டும். தொடங்காது. ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் பதிவில், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் தவறு என்று இருக்கும். சில நேரம் அது அடுத்த வரியைச் சுட்டிக்காட்டும். அங்கே ஒன்றும் இல்லையே என்று விட்டுவிடாமல் ஒரு வரி மேலே பார்க்கிற பொறுமை அவனுக்கு இருக்கிறதா? அதுதான் கேள்வி.

இருந்தால், ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. என்ற லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகலாம். முழுக்கச் செய்முறைத் தேர்வு, மனப்பாடம் உதவாது. பலர் சறுக்குவது எளிய இடத்தில்: ஸ்டார்ட் கட்டளை சேவையை அப்போதைக்குத் தொடங்கும், எனேபிள் கட்டளைதான் கணினி மறுபடி உயிர்பெறும்போதெல்லாம் தானே தொடங்க வைக்கும். செய்த அமைப்புகள் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண்.

இரண்டு விஷயங்களை மறைக்க மாட்டேன். புரோகிராமிங்கிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதித் தானாக ஓடவிடும் பாஷ் ஸ்கிரிப்டாவது எழுதத்தான் வேண்டும். திரும்பத் திரும்பத் தட்டச்சிடும் தன் கைவலிக்கு மருந்தாக எழுதும்போது அது அவ்வளவு கசக்காது. அடுத்தது இரவுப் பணி. சேவை நின்றால் நள்ளிரவிலும் அழைப்பு வரும். இதற்குச் சம்மதமா என்று அவனிடமே கேளுங்கள். அவனுக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.