‘நிஜமாகவே எடுக்கிறோம்’ என்பவர்களிடம் கையெழுத்திடும் முன்

கேள்வி: எனக்கு வயது 23. அரிசோனாவில் படிக்கிறேன். மாடலிங் விளம்பரம் ஒன்றைப் பார்த்து விண்ணப்பித்தேன். ரியாலிட்டி பாணியில் எடுக்கும் வயது வந்தோர் படம் என்று பிறகுதான் சொன்னார்கள். கதை, வசனம் கிடையாது, பேட்டி போலப் பேசிவிட்டு எடுப்போம், வெளிநாட்டு டிவிடியில் மட்டும்தான் வரும் என்கிறார் என்னோடு பேசும் பெண். லாஸ் ஏஞ்சலிஸுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். பணம் எனக்குத் தேவைதான். நடித்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்று தோன்றினால் நீக்கச் சொல்லலாமா? போகாவிட்டால் வழக்குப் போடுவார்களா?

பதில்: நீக்கச் சொல்ல முடியாது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். நடிப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். கலிஃபோர்னியாவில் இது சட்டப்படியான தொழில். படத்தில் நடிக்கச் சம்பளம் கொடுத்தது பாலியல் தரகு ஆகாது என்று ஃப்ரீமன் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1988-இலேயே சொல்லிவிட்டது. எனக்குக் கவலை தருபவை இரண்டு: உங்கள் முன் வைக்கப்போகும் தாள், அதற்கு முன்னோடியாக உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்.

முதலில் தாள். அதில் ஏறக்குறைய இப்படி ஒரு வரி இருக்கும்: ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இப்போதுள்ளதும் இனிமேல் கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும், திரும்பப் பெற இயலாத வகையில்.’ இதைப் படித்த பிறகும் ‘வெளிநாட்டு டிவிடி மட்டும்’ என்று நம்ப இடமிருக்கிறதா? வாயால் சொன்னதற்கும் தாளில் இருப்பதற்கும் முரண் வந்தால் தாள்தான் நிற்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இணையதளத்தின் பெயர் தாளில் இல்லாவிட்டால், கேட்டு எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

டிவிடி கதை புதிதல்ல. சான் டியேகோவில் இயங்கிய ‘கேர்ள்ஸ் டூ போர்ன்’ தளம் இதே வாக்குறுதியைத்தான் விற்றது. மாடலிங் விளம்பரம், பிறகு விமானப் பயணம், ஓட்டல் அறை, அவசர அவசரமாக நீட்டப்படும் பத்திரம். இணையத்தில் வராது, தொலைதூர நாடுகளில் தனியாக வாங்குபவர்களுக்கு மட்டுமே போகும் என்று சொன்னார்கள். படம் இணையத்தில் ஏறியது, பெண்களின் உறவினர்கள் வரை போய்ச் சேர்ந்தது. 22 பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். மோசடியால் பெற்ற சம்மதம் செல்லாது என்று 2020 ஜனவரியில் நீதிபதி சுமார் 1.27 கோடி டாலர் இழப்பீடு வழங்கி, அந்தப் படங்களின் உரிமையையும் அவர்களுக்கே தரச் சொன்னார். தலைமறைவான முதலாளி 2022 டிசம்பரில் மாட்ரிட்டில் பிடிபட்டார். 2025-இல் 27 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். நீதி கிடைத்ததே என்று ஆறுதல் அடையாதீர்கள். அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியபோது படங்கள் நகல் மேல் நகலாகப் பரவிக்கொண்டிருந்தன. சட்டம் இழப்பீடு தரும். நகலை அழிக்கும் வேகம் அதற்கு இல்லை.

அந்த வழக்கில் என்னை மிகவும் எரிச்சலூட்டியது முதலாளி அல்ல, கூலிக்கு நற்சான்று சொன்ன பெண்கள்தான். ‘நானும் நடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் படம் எங்கும் வரவில்லை’ என்று தொலைபேசியில் சொல்வதற்கென்றே சில பெண்களுக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். ஆகவே, உங்களோடு பேசும் பெண் எத்தனை அன்பாகப் பேசினாலும், அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று நேராகக் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் நடிகர்களுக்கு வேலை தேடித்தரும் ஏஜென்ட் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும், 50,000 டாலர் உத்தரவாதப் பத்திரமும் கட்டியிருக்க வேண்டும். உரிமம் உண்டா என்பதை ஆணையரின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவுக் கட்டணம் கேட்பவர் உரிமம் பெற்ற ஏஜென்டாக நடந்துகொள்ளவில்லை. ‘நான் ஏஜென்ட் இல்லை, தோழிதான்’ என்பவரிடமிருந்து இன்னும் தள்ளி நில்லுங்கள்.

ரியாலிட்டி என்ற பெயரில் மயங்க வேண்டாம். 1980-களில் கையடக்க வீடியோ கேமரா வந்தது. 1989-இல் ஜான் ஸ்டாலியானோ போன்ற வயது வந்தோர் பட இயக்குநர்கள் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, எடுப்பவரையே பாத்திரமாக்கினார்கள். 2000-க்குப் பிறகு இணையதளங்கள் அதையே தொழிற்சாலையாக மாற்றின. செட் வேண்டாம், எழுத்தாளர் வேண்டாம், வாடகை வீடும் ஒரு சோபாவும் போதும். செலவு குறைந்தது, லாபம் கூடியது. ‘இப்போதுதான் சந்தித்தோம்’ என்று தொடங்கும் காட்சிக்கு முந்தைய நாளே பால்வினை நோய்ப் பரிசோதனை முடிவும் அடையாள அட்டையும் கோப்பில் சேர்ந்திருக்கும்.

அந்தச் சோபாப் பேட்டியில்தான் பெண்கள் சிக்குகிறார்கள். எந்த ஊர், என்ன படிப்பு, வீட்டுக்குத் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். உண்மையைச் சொல்லாதீர்கள். அது படத்தில் வரும், உங்களை அடையாளம் காட்டுவதும் அதுதான். முடிவில் அடையாள அட்டையைக் காட்டி ‘விரும்பித்தான் நடித்தேன்’ என்று சொல்லச் சொல்வார்கள். வயதை நிரூபிக்கும் ஆவணத்தைத் தயாரிப்பாளர் வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். ஆனால் அந்த வாக்குமூலம் அவர்களைக் காக்க எடுப்பது, உங்களைக் காக்க அல்ல. சம்பளம் கைக்கு வரும் முன் சொல்லாதீர்கள்.

நீக்கச் சொல்ல முடியாது என்றேனே, அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கைப் பற்றிப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ரியாலிட்டி பாணியில் இது அடிக்கடி நேர்கிறது. சில காட்சிகளில் கேமராவை நடிப்பவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். ‘நீயே எடு, இயல்பாக இருக்கும்’ என்பார்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் பொதுவாக எடுத்தவர்தான் ஆசிரியர். நீங்கள் ஊழியராக இல்லாதபோது, ‘இது கூலிக்குச் செய்த படைப்பு’ (work made for hire, அதாவது உரிமை எடுக்கச் சொன்னவருக்கே) என்றோ உரிமையை மாற்றித் தருகிறேன் என்றோ எழுதிக் கையெழுத்திடாவிட்டால், நீங்கள் பிடித்த காட்சியின் உரிமை உங்களிடமே தங்கும் வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் 1998-இன் டிஎம்சிஏ என்னும் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, அந்தப் பகுதியை ஏற்றியுள்ள தளத்துக்கு நீக்கக் கோரி அறிவிப்பு அனுப்பலாம். அதற்குப் பதிப்புரிமையை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, வழக்குத் தொடுக்கத்தான் பதிவு தேவை. பதிவான கோப்பின் ஒரு நகலையாவது வாங்கி வைத்திருங்கள். ஆனால் தாளில் ‘கூலிக்குச் செய்த படைப்பு’ என்ற சொற்கள் ஒளிந்திருந்தால், இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

2025-இல் வந்த ‘டேக் இட் டவுன்’ சட்டம் 48 மணி நேரத்தில் நீக்கச் சொல்கிறதே என்று கேட்பீர்கள். சம்மதமில்லாமல் வெளியானதற்குத்தான் அது. நீங்கள் கையெழுத்திட்ட தாளைத் தூக்கிக் காட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், சட்டமன்றங்களைவிட ஒரு கார்டு நிறுவனம் வேகமாகச் செயல்பட்டது. படத்தில் இருப்பவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும், புகாருக்கு ஏழு வேலை நாட்களில் தீர்வும் வேண்டும் என்று மாஸ்டர்கார்டு 2021 முதல் நிபந்தனை விதித்தது. நீக்கக் கோரும் மேல்முறையீட்டு வழியும் அதில் உண்டு. சம்மதமே தராதவர்களுக்கும் ஏமாற்றப்பட்டவர்களுக்கும் அது பயன்படும், மனம் மாறியவர்களுக்கு அரிதாகத்தான்.

கடைசியாக டிக்கெட். கையெழுத்திடாதவரை போகத் தேவையில்லை. கையெழுத்திட்டிருந்தாலும், நடித்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. அதிகம் போனால் பயணச் செலவைக் கேட்பார்கள். அதைத் தொலைபேசியில் மிரட்டலாகச் சொல்வார்கள், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.