மாரியில் சின்னப் பாய்ப்படகை வளவுக்குள் திறந்தவெளியில் வைக்கலாமா?

வைக்கலாம். குளிர்நாட்டுக்காரர் பனி உறைவதற்குப் பயப்படுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பிரச்சினை. 4 சதுர மீற்றர் பரப்புள்ள திறந்த படகில் 100 மில்லிமீற்றர் மழை பெய்து தேங்கினால் 400 லீற்றர், அதாவது 400 கிலோ. இந்தப் பாரத்தால், படகின் ஃபைபர் உடல் அதைத் தாங்கும் கட்டையில் அமரும் இடத்தில் வெடிக்கலாம். அதனால் பாய்மரத்தைக் கழற்றிவிட்டு, பனங்குற்றி இரண்டின் மேல் பழைய டயர்த் துண்டு போட்டுப் படகைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்க ஆளில்லையா? சரி, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்திருக்கும் அடித்தக்கையைப் பிடுங்கிவிட்டு முன்பக்கத்தை உயர்த்துங்கள். தக்கையைக் கயிற்றில் கட்டிப் படகிலேயே தொங்கவிடுங்கள், தொலைந்தால் தேடியலைய வேண்டும்.

தறப்பாளைப் படகோடு ஒட்டிப் போர்த்தாதீர்கள். நடுவில் நீளமாக ஒரு தடி கொடுத்து, கூரைபோலச் சரித்து, இரு முனையிலும் காற்றோட விடுங்கள். பாயை நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நன்றாகக் காயவைத்து வீட்டுக்குள் வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் கரும்புள்ளி விழும், அப்புறம் போகாது.

தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம். புயல் வருவதும் இந்த மாதங்களில்தான், நிலத்தில் ஆழமாக முளை அடித்துக் கட்டுங்கள். தறப்பாளை மட்டும் கட்டினால் போதாது, படகையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.