குழம்பில் போட்டதும் ஸ்னூக் மீன் கூழாவது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் புளி ஊற்றி மீன் கறி வைப்பவர் கேட்டிருக்கிறார்: வாசனையில் குறையில்லாத ஸ்னூக் என்ற கடல்மீன், சட்டியில் கஞ்சியாகக் கரைந்துவிட்டதாம். கடைக்காரர் ஏமாற்றினாரா?

அநேகமாக இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி மீனவர்கள் இதை 'பாப் ஸ்னூக்', அதாவது கூழ் ஸ்னூக், என்பார்கள். காரணம் கூடோவா தைர்சைட்டிஸ் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. தென்னாப்பிரிக்க ஸ்னூக்கில்தான் விலங்கியலாளர் கில்கிறிஸ்ட் 1924இல் இதை முதலில் விவரித்தார். அது தசைநாருக்குள் குடியிருக்கும். மீன் உயிரோடு இருக்கும்வரை சதை உறுதியாகவே இருக்கும். செத்த பிறகுதான் வேலையைக் காட்டும். அதிலிருந்து கசியும், புரதத்தைச் சிதைக்கும் நொதி தசையை அறுத்துக்கொண்டே போகும். மிதமான சூட்டில் அந்த நொதிக்கு இன்னும் வேகம். அதனால்தான் சிறுதீயில் குழம்பு வைத்தால் மோசமாகும். சுடச்சுட எண்ணெயில் பொரித்தால் ஓரளவு தப்பும். வாங்கும்போது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் எரிச்சல்.

மனிதரை இந்த ஒட்டுண்ணி தொற்றுவதில்லை. பயப்பட வேண்டியது அனிசாக்கிஸுக்கு: மீனின் குடலைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு. நன்றாக வேகவைத்தாலும், மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்தாலும் அது செத்துவிடும். அரைவேக்காட்டு மீன் மட்டும் வேண்டாம்.