ஸ்கெல்ட் ஆற்றின் வாய் (கடிதம்)

ஐயா,
1914இல் பிரிட்டன் பெல்ஜியத்துக்குக் கொடுத்த வாக்குக்காகவா போரில் இறங்கியது? எந்த ஒரு நாடும் ஐரோப்பாவில் தனிப்பெரும் வல்லரசாகிவிடக் கூடாது என்ற ‘அதிகாரச் சமநிலை’ என்பதே ஐரோப்பியரை மோதவிட்டுக் குளிர்காயும் பிரித்தாளும் சூழ்ச்சிதானே? நிரந்தர நண்பர்கள் இல்லை என்று 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பிரதமர் பாமர்ஸ்டனே சொன்னாரே?
எஸ்.

அன்புள்ள எஸ்,

பாமர்ஸ்டனை விடுங்கள், அவர் பாவம், எல்லா மேடையிலும் இழுபடுகிறார். பிரித்தாளும் சூழ்ச்சியா? பிரிட்டன் ஐரோப்பாவில் எதைப் பிரித்து எதை ஆண்டது? எந்தப் பூட்டுக்கும் அந்த ஒரே சாவியைப் போடும் சோம்பலை விட்டொழியுங்கள். ஆனால் பெல்ஜியத்தைப் பிடித்தீர்கள் பாருங்கள், அது நல்ல இடம்.

வரைபடத்தை விரியுங்கள். லண்டனின் தேம்ஸ் ஆறு கடலில் சேரும் வாய்க்கு எதிர்க்கரையில் ஸ்கெல்ட் ஆற்றின் கழிமுகம். ஆற்றில் உள்ளே போனால் பெல்ஜியத்தின் துறைமுக நகரம் ஆண்ட்வெர்ப். பெரிய கப்பற்படையே பதுங்கி நிற்கலாம். பாய்மரக் காலத்தில் இன்னொரு வில்லங்கம், காற்று. கிழக்குக் காற்று எதிரியை இங்கிலாந்துக்குத் தள்ளிவிடும். அதே காற்று தேம்ஸ் வாயில் நிற்கும் ஆங்கிலக் கப்பல்களை வெளியே விடாது. 1688 நவம்பரில் டச்சு ஆட்சியாளர் ஆரஞ்சு வில்லியம் படையோடு ஸ்கெல்ட்டுக்குச் சற்று வடக்கேயிருந்து கிளம்பி இங்கிலாந்தின் டோர்பேயில் இறங்கியது அப்படித்தான்.

1792இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு, 1648 முதல் கப்பல் போக்குவரத்துக்கு மூடிக்கிடந்த ஸ்கெல்ட்டைத் திறந்துவிட்டது. மூன்றே மாதத்தில் பிரிட்டனோடு போர். 1795இல் நெதர்லாந்து பிரான்சிடம் விழுந்ததும் ஆங்கிலேயர் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் டச்சுக்காரரிடமிருந்து பறித்தார்கள். ஆம், அந்தக் கணக்கின் மிச்சம் நம் பக்கத்துக் கரைவரை வந்தது.

1809இல் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த ஆண்ட்வெர்ப் கப்பல் தளத்தை அழிக்க ஆங்கிலேயர் ஏறக்குறைய 40,000 பேரை அனுப்பினார்கள். ஆற்றின் வாயில் இருந்த வால்ஹெரன் தீவையும் ஃப்ளஷிங் கோட்டையையும் பிடிப்பதற்குள் பிரெஞ்சுக்காரர் நகரத்தைப் பலப்படுத்திவிட்டார்கள். சண்டையில் செத்தவர் நூற்றுச் சொச்சம். சதுப்புக் காய்ச்சலில் செத்தவர் சுமார் 4,000.

நீங்கள் கேட்கும் அந்த வாக்கு 1839 லண்டன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் எல்லோரும் 7ஆம் பிரிவை, பெல்ஜியத்தின் நடுநிலையை, மேற்கோள் காட்டுவார்கள். 14ஆம் பிரிவை யாரும் புரட்டுவதில்லை. ஆண்ட்வெர்ப் வணிகத் துறைமுகமாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது அது. 1814 பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து எடுத்து வைத்தது. வாக்கா, சுயநலமா என்று கேட்கிறீர்கள். ஒரே தாளில் இரண்டும் இருக்கிறதே!

ஆனாலும் ஆற்றின் வாயும் ஊரும் சேர்ந்தே கையில் இருக்க வேண்டும் என்ற பாடம் மறந்துபோகும். இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பர் 4இல் நேச நாட்டுப் படை ஆண்ட்வெர்ப் துறைமுகத்தைச் சேதமில்லாமல் பிடித்தது. ஆற்றின் வாயோ ஜெர்மானியர் கையில். 1809இல் வாய் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை, இப்போது நேர்மாறு. கரையைப் பிடித்து, கண்ணிவெடிகளை அள்ளி முடித்து, முதல் சரக்குக் கப்பல் அணி உள்ளே வந்தபோது நவம்பர் 28.