சின்ன பிக்கப்பை லோரைடர் ஆக்கும்போது: கேள்வி பதில்

கே: ஷெவர்லே எஸ்-10 பிக்கப் வைத்திருக்கிறேன். அதை லோரைடர், அதாவது தரையோடு தாழ்த்தி அலங்கரித்த வண்டி ஆக்க வேண்டும். முதலில் பெயின்ட்டா, ஹைட்ராலிக்ஸா?

ப: இரண்டும் இல்லை, சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். ஹைட்ராலிக்ஸ் என்பது எண்ணெய் அழுத்தத்தால் வண்டியை ஏற்றி இறக்கும் ஏற்பாடு. அதன் பம்ப் வண்டியைத் தூக்கி இறக்கும்போது மொத்த விசையும் சிலிண்டர் உட்காரும் இடத்தில் விழும். சின்ன பிக்கப்பின் சேஸிஸ் அதற்காகச் செய்ததல்ல. பலப்படுத்தாமல் விட்டால் மயிரிழை மாதிரி விரிசல் விடும். கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக இல்லாவிட்டால் சேஸிஸ் வளைந்திருக்கலாம், உடனே சோதியுங்கள். தகடு வைத்து வெல்டிங் எல்லாம் முடித்துவிட்டு அப்புறம் பெயின்ட் அடியுங்கள்.

கே: ஹைட்ராலிக்ஸ் வேண்டாம். பின்பக்கம் இறங்கினால் போதும்.

ப: குனிந்து பாருங்கள், லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) ஆக்சிலுக்கு (பின்சக்கர அச்சுக்கு) கீழே இருக்கிறதா, மேலேயா? கீழே என்றால் இரண்டுக்கும் நடுவில் பிளாக் (உலோகக் கட்டை) வைத்தாலே வண்டி இறங்கும். மேலே என்றால் பிளாக் வண்டியை உயர்த்திவிடும். ஆக்சிலையே ஸ்பிரிங்குக்கு மேலே மாற்ற வேண்டும். ரொம்ப இறக்கினால் குழியில் ஆக்சில் போய்ச் சேஸிஸில் இடிக்கும். அதற்குத்தான் சேஸிஸை அந்த இடத்தில் வளைவாக வெட்டி, தடித்த தகட்டால் கட்டுகிறார்கள். இதைத்தான் சி-நாட்ச் என்பார்கள். நல்ல வெல்டரிடம் கொடுங்கள், இதில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கே: ஹைட்ராலிக்ஸ் போட்டால் எத்தனை பேட்டரி?

ப: ஏறி இறங்க 2 பம்ப், 4 பேட்டரி தாராளம். 12 வோல்ட் பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது சீரியஸில் இணைத்தால் 48 வோல்ட். ஆக்சிலுக்கு நேர் மேலே, இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். பம்புக்கு மின்சாரம் விடும் சொலினாய்டு ஒட்டிக்கொண்டால் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், கேபிள் தீப்பிடிக்கும். அதனால் எர்த் கேபிளில் ஒரே இழுப்பில் பிடுங்குகிற கனெக்டர் கட்டாயம். அது இல்லாத வண்டியில் நான் ஸ்விட்சைத் தொடவே மாட்டேன்.

கே: கலிபோர்னியாவில் இறக்கிய வண்டியைப் போலீஸ் பிடிக்குமா?

ப: ரிம்முக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று 1958 முதல் அங்கே சட்டம் இருந்தது. அதைச் சமாளிக்கத்தான் ரான் அகிரே என்ற கார் பிரியர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக்ஸ் பொருத்தினார்: போலீஸைக் கண்டால் தூக்கு, போனதும் இறக்கு! அந்தத் தடை 2024 ஜனவரி 1 முதல் இல்லை. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

கே: 13 அங்குல ஸ்போக் சக்கரம் தாங்குமா?

ப: 155/80 ஆர்13 டயரில் லோடு குறியீடு 79 என்று இருந்தால் ஒன்று 437 கிலோ தாங்கும். வண்டியும் பேட்டரியும் நான்கு டயரும் சேர்ந்து தாங்கும் எடைக்குள் அடங்கும். ஆனால் தொட்டியில் சரக்கு ஏற்றாதீர்கள். வாங்கும் முன் பிரேக் காலிப்பர் உரசுகிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பாருங்கள்.