நிறுவனம் நட்டத்தில் இருக்கும்போது சங்கம் ஊதிய உயர்வு கேட்கலாமா?

நட்டத்தில் ஓடும் நிறுவனத்தில் ஊதிய உயர்வுக்காகச் சங்கம் பிடிவாதம் பிடிப்பது, நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுவது ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் எழுந்த கேள்வி இது என்று நினைக்கிறேன். அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஒரு தொழிற்சாலைச் சங்கத்தின் பொருளாளராக இரண்டு ஊதிய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். முதலாவதில் இட்ட கையெழுத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

சம்பளத் தேதி மாதாமாதம் தள்ளிப்போய்க்கொண்டிருந்த நேரம் அது. நிர்வாகம் ஒற்றைத் தாளில் ஒரு நட்டக் கணக்கைக் காட்டியது. ஆலை மூடப்பட்டுவிடும் என்ற பேச்சு எல்லாப் பிரிவுகளிலும் பரவியிருந்ததால், அந்தத் தாளில் இருந்த எண் எப்படி வந்தது என்று கேட்காமலே அடிப்படை ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டோம். 'நிலைமை சீரடைந்ததும் மறுபரிசீலனை செய்யப்படும்' என்பதே நாங்கள் பெற்ற சரத்து. நிலைமை சீரடைந்துவிட்டது என்பதை யார், எந்தக் கணக்கைக் கொண்டு, எந்தத் தேதியில் முடிவு செய்வது என்பது குறித்து அதில் ஒரு சொல்லும் இல்லை.

நான்கு மாதம் கழித்துக் கடைசல் பிரிவில் 31 ஆண்டுகள் உழைத்த ஒருவர் ஓய்வு பெற்றார். ஓய்வின்போது தரப்படும் மொத்தத் தொகையான பணிக்கொடை கடைசியாகப் பெற்ற ஊதியத்தைக் கொண்டு கணக்கிடப்படும் என்பதால், குறைக்கப்பட்ட ஊதியமே அவருடைய பணிக்காலம் முழுவதற்கும் பெருக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்குத் தாளை என் மேசைக்குக் கொண்டுவந்து கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு, "தம்பி, சம்பளம் குறைஞ்சது நாலு மாசம்தானே, இது ஏன் முப்பத்தொரு வருஷத்துக்கும் குறையுது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கையெழுத்திடும் முன் நான் அதை எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதே மேசை, மீண்டும் அதே நட்டம். இம்முறை கணக்கைத் திறந்து காட்டாமல் பேச்சைத் தொடர மாட்டோம் என்றோம். இது அடாவடியான கோரிக்கை என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ட்ரூயிட் என்ற உற்பத்தி நிறுவனத்தில் சங்கம் மணிக்கு 10 சென்ட் உயர்வு கேட்டது. இரண்டரை சென்டுக்கு மேல் கொடுத்தால் நிறுவனமே முறிந்துவிடும் என்ற நிர்வாகம், அதற்கான ஆதாரத்தைத் தர மறுத்தது. அப்படி மறுத்தது நல்லெண்ணத்துடன் பேச வேண்டிய கடமையை மீறியதாகும் என்ற தொழிலாளர் உறவு வாரியத்தின் முடிவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1956இல் உறுதி செய்தது. பொருளுள்ள பேச்சுவார்த்தைக்குத் தேவையான, நிறுவனத்தின் பொருளாதார நிலை பற்றிய தகவல்களைச் சங்கம் கேட்டால் தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டுப் பரிந்துரையும் கூறுகிறது.

இரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்த பிறகே எங்கள் கணக்காய்வாளரை உள்ளே விட்டார்கள். நட்டத்தில் பாதிக்கு மேல், இயந்திரங்களின் மதிப்பு குறைவதற்காகக் கணக்கில் மட்டும் எழுதப்படும் தேய்மானமும், உரிமையாளர்களின் வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய கடனுக்கான வட்டியுமாக இருந்தன. தேய்மானம் உண்மையான செலவுதான், இயந்திரத்தை ஒருநாள் மாற்றியே ஆக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது விடையாகாது. அதே ஏடுகளில், வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய தொகை ஏழு மாதமாக நிற்பதும், வங்கிக் கடன் வரம்பு முழுவதும் தீர்ந்துவிட்டதும் தெரிந்தன. ஆகவே நாங்கள் கேட்ட உயர்வைப் பாதியாகக் குறைத்தோம். நிர்வாகத்துக்கு விலைபோய்விட்டோம் என்று வாயிற்கூட்டத்தில் எங்கள் உறுப்பினர்களே பேசினார்கள். இங்கும் யாராவது அப்படி எழுதக்கூடும். கண்ணால் பார்த்த கணக்கை மறைத்து ஆலையை மூட வைப்பது துரோகமாகாதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இம்முறை அடிப்படை ஊதியத்தைத் தொடவிடவில்லை. உடனே கொடுக்காமல் தள்ளிவைத்த ஊதிய நிலுவை அனைத்தும் நிறுவனம் எங்களுக்குத் தர வேண்டிய கடனாகவே எழுதப்பட்டு, 18 தவணைகளுக்கும் தேதி குறிக்கப்பட்டது. மேலாளர்களின் ஊதியமும் அதே விகிதத்தில் தள்ளிவைக்கப்பட்டது. பங்காதாயமோ இயக்குநர்களுக்கு ஊக்கத்தொகையோ கொடுத்தால் மீதி நிலுவை முழுவதையும் அன்றே தீர்க்க வேண்டும் என்ற சரத்துக்காக மட்டும் மூன்று அமர்வுகள் வாதாடினோம். விட்டுக்கொடுப்பதற்கு ஈடு கேட்பதைப் பேராசை என்று உங்களிடமும் சொல்வார்கள். அமெரிக்கக் கார் நிறுவனமான கிரைஸ்லர் திவாலாகும் நிலைக்கு வந்தபோது ஊதியத்தில் விட்டுக்கொடுத்த வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசர், 1980இல் அந்நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலேயே இடம் பெற்றார்.

எங்கள் தவணைகள் தாமதமாகவேனும் முழுவதும் வந்து சேர்ந்தன. கடைசல் பிரிவுப் பெரியவருக்கும் அந்த ஆண்டில் ஓய்வு பெற்ற மற்றவர்களுக்கும் குறைந்துபோன பணிக்கொடையை இரண்டாம் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கடைசி நாள் வரை முயன்றோம். ஓய்வு பெற்றவர்கள் இந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பினர் அல்லர் என்று நிர்வாகம் மறுத்துவிட்டது.